ஊரில் இல்லாதவன் பங்கு

லா ஷெனே பண்ணை,
1971 மார்ச் 14, ஞாயிறு

தம்பி ரெமி,

எப்படி இருக்கிறாய்? போன குளிரில் பிடித்த இருமல் விட்டதா? பாரிசில் உனக்கு யாராவது தேன் போட்டுப் பால் காய்ச்சித் தருகிறார்களா, இல்லை இன்னும் அந்த ஓட்டல் சூப்புதானா? நாங்கள் எல்லாரும் நலம். ஒரே சொல்லில் எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் பிரித்து எழுதுகிறேன். என் இடுப்பு நலமில்லை. என் வீட்டுக்காரி போலெத் நலம், அவள் வாய் அதைவிட நலம். நாய்க்குக் காது போய்விட்டது. பேரிக்காய் மரம் இன்னும் நிற்கிறது.

பசு ரோசெத் நாக்கால் கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. போன வாரம் திறந்துகொண்டு நேரே சாமியார் தோட்டத்துக்குப் போய் ஒரு பாத்தி வெங்காயத்தாள் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டது. நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். சாமியார் கோபப்படவில்லை. "பரவாயில்ல ஒக்தாவ், இந்தத் தவக்காலத்துல நம்ம ஊர்ல ஒழுங்கா இலை தழை தின்னு தவம் இருக்கிறது உன் மாடு ஒண்ணுதான்" என்றார். கொண்டிக்கு இப்போது கம்பி கட்டியிருக்கிறேன். அதையும் அது யோசனையோடு பார்த்துக்கொண்டிருக்கிறது.

சொல்ல வந்தது அதுவல்ல. செவ்வாய்க்கிழமை டிவிக்காரர்கள் மூன்று பேர் காரில் வந்தார்கள். மெல்லிய செருப்பு. முற்றத்துச் சேற்றில் ஒன்று மாட்டிக்கொள்ள, போலெத் மண்வெட்டியால் தோண்டி எடுத்துக் கொடுத்தாள். உன் நாவலைப் படமாக எடுக்கிறார்களாம், அதற்கு நம் வீடே வேண்டுமாம். நம் அடுப்படி, நம் அலமாரி, நம் முன்கதவு. தாடி வைத்த இளைஞன் ஒருவன்தான் டைரக்டர். அவன் நல்லவன்போல்தான் தெரிந்தான். அம்மாவைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டான். பின்னே, அவளைப் பற்றி உன் புத்தகத்தில் படித்திருக்கிறானே.

அம்மா டர்னிப் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வீட்டைக் கேக்குறது யாரு? நீங்களா, அவனா?" என்றாள். நாங்கள்தான் என்றார்கள். "அவன் வந்து கேக்கட்டும். கதவு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும். புத்தகத்துல எழுதியிருக்கானாமே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தம்பி, உன் புத்தகம் வந்த வருஷத்திலிருந்து நீ இந்தப் படியை மிதிக்கவில்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படம் வந்தாலும் வராவிட்டாலும் என் மாடு பால் கறக்கும். எனக்கு வேண்டியது ஒன்றுதான், அவள் கண் மூடுவதற்குள் நீ ஒரு தடவை இந்த மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார வேண்டும். வந்து கேள். கேட்பதற்குத்தான் அவள் காத்திருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது. அவள் சொல்லமாட்டாள்.

உன் அண்ணன்,
ஒக்தாவ்


பாரிஸ்,
1971 மார்ச் 22

அண்ணா,

உன் கடிதத்தில் மாட்டுக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு நாலு வரி. அந்த நாலு வரியைத்தான் பல முறை படித்தேன்.

இருமல் விட்டுவிட்டது. நான் வரமாட்டேன்.

அந்தக் கதவை நான் ஒரு முறை தட்டிக் கேட்டிருக்கிறேன். என்ன கிடைத்தது என்று உனக்குத் தெரியும். அடுப்படியில் நீயும் நின்றாய். நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன், என் வாசகர்கள் யாரும் மறக்கவில்லை.

குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூவிராசாக்களின் திருநாள், ஜனவரி ஆறு. 1943. எனக்கு ஆறு வயது. அப்பா ஜெர்மனியில் போர்க் கைதி. மட்டமான கறுப்பு மாவில், வெண்ணெய் இல்லாமல், அம்மா கேக் சுட்டாள். காலையிலிருந்து நமக்கு வேறெதுவும் இல்லை. முதல் துண்டை வெட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். முதல் துண்டு கடவுள் பங்கு, வாசலில் வந்து தட்டுகிற ஏழைக்கு. எனக்குத் தெரியும், அதற்கு முந்தைய வருஷங்களில் கிழட்டுப் பிச்சைக்காரர் வந்து வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அன்று அவர் வரவில்லை. என் துண்டு இரண்டு வாயில் தீர்ந்துபோனது. பசி. சின்னப் பிள்ளையின் தந்திரம் ஒன்று தோன்றியது. பின்பக்கமாக இறங்கி, பனியில் வீட்டைச் சுற்றிப் போய், முன்கதவைத் தட்டினேன். பிச்சைக்காரர் குரலில், "பங்கு குடுங்க தாயே" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அண்ணா, உண்மையாகவே சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

கதவு திறந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அறைந்தாள். படிக்கல்லில் என் காது மோதியது. அந்தத் துண்டு யாருக்கும் கிடைக்கவில்லை. பிச்சைக்காரருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பச்சை பூத்து அழுகும் வரை பூட்டி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் வீட்டைவிட்டுப் போகும் வரை என் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை.

இதைத்தான் எழுதினேன். ஒன்றும் கூட்டவில்லை. ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதைவிட அழுக விடுவது மேல் என்று நினைத்த ஒருத்தியிடம் போய் வீட்டைக் கேட்க என்னால் முடியாது. டிவிக்காரர்கள் வேறு பண்ணை பார்த்துக்கொள்ளட்டும்.

போலெத் அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

ரெமி


லா ஷெனே பண்ணை,
1971 ஜூன் 6, ஞாயிறு

தம்பி ரெமி,

நலமா? இந்தக் கடிதம் நீளும், உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அம்மா வீட்டைக் கொடுத்துவிட்டாள். நீ வரமாட்டாய் என்று நான் சொன்ன அன்று அடுப்பு முழுவதையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, அந்தத் தாடிக்குச் சொல்லி அனுப்பு என்றாள். ஏன் என்று கேட்டேன். "வேற வீட்டுல எடுத்தா அடுப்பைத் தப்பான பக்கத்துல வெச்சிருவாங்க" என்றாள்.

மே மாசம் முழுக்க அவர்கள் ராஜ்யம்தான். அம்மாவாக நடிக்க வந்தவள் பெயர் மதாம் சொலாஞ்ச். நல்ல மனுஷி. ஆனால் ரொட்டியைப் பலகையில் வைத்து அறுத்தாள். அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ரொட்டியை வாங்கி, அடிப்பக்கத்தில் கத்தி முனையால் சிலுவை போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் பக்கமாக இழுத்து அறுத்துக் காட்டினாள். அந்தம்மா அதேபோல் செய்து சட்டையை அறுத்துக்கொண்டாள். அம்மாவே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "என்னை மாதிரி நடிக்க வந்திருக்க, எனக்கு என்ன கோவம்னு கேக்க மாட்டியா?" என்றாள். அந்தம்மா, "கேக்க பயமா இருக்கு" என்றாளாம். பயப்படுவதுதான் நல்லது என்று அம்மா சொல்லிவிட்டாளாம்.

பிறகு பனி. மே மாசத்தில் பனிக்கு எங்கே போவது? லாரியில் ஏதோ வெள்ளைத் தூள் கொண்டுவந்து முற்றம் முழுக்கக் கொட்டினார்கள். கோழியெல்லாம் தவிடு என்று நினைத்துக் கொத்திவிட்டு இரண்டு நாள் மந்தமாக நின்றன. போலெத் டைரக்டரை மறித்துக்கொண்டு, "மூணு நாளா முட்டை இல்ல. கோழிங்க மார்கழின்னு நினைச்சுக்கிட்டிருக்கு. நீங்களே போய் அதுங்களுக்கு விளக்கிச் சொல்லுங்க" என்றாள். அவன் நிஜமாகவே கோழிக்கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்ததை எழுதக் கை வரவில்லை.

அந்தக் கதவுக் காட்சியை எடுத்த நாள். அம்மா பீன்ஸ் உரிக்கும் கிண்ணத்தோடு கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரும் தடுக்கத் துணியவில்லை. உன் வேஷம் கட்டிய பையன் வெளியிலிருந்து தட்டினான். மதாம் சொலாஞ்ச் எழுந்தாள். மெதுவாகக் கையைத் துடைத்தாள், மெதுவாக நடந்தாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு திறந்தாள்.

"அப்படி இல்ல" என்றாள் அம்மா.

எல்லாரும் நிறுத்தினார்கள். டைரக்டர் பணிவாகத்தான் சொன்னான், "அம்மா, புத்தகத்துல மெதுவாத்தான் வருது."

"புத்தகம் எழுதினவன் கதவுக்கு வெளியில நின்னான். நான் உள்ள இருந்தேன்" என்றாள். பிறகு அந்த நடிகையைப் பார்த்து, "நான் ஓடினேன். ஏப்ரனை அவுத்து அந்தப் பக்கம் எறிஞ்சிட்டு ஓடினேன். தலையைக் கையால சரி பண்ணிக்கிட்டே ஓடினேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டான் டைரக்டர். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போகவில்லை. அவளைத் தெரியும். சாயங்காலம் நான் பால் கறக்கும்போது ரோசெத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மாட்டிடம் பேசுவதுபோல் பேசினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அது உங்கப்பா தட்டு. விரல் முட்டியால ரெண்டு, அப்புறம் உள்ளங்கையால ஒண்ணு. அவர் மட்டும்தான் அப்படித் தட்டுவார். அந்தப் பயலுக்கு அது எங்கேர்ந்து வந்துதோ. விட்டுட்டாங்க, வந்துட்டார்னு ஓடினேன். தொறந்தா இவ்வளவு ஒயரத்துல நிக்கிறான். பிச்சைக்காரன் குரல்ல பங்கு கேக்குறான். அவங்கப்பன் பங்கை."

ரோசெத்தின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். பிறகு, "அவனைப் பாக்கும்போதெல்லாம் அந்த வாசல்தான் தெரிஞ்சுது. அவர் இல்லாத வாசல். பெத்த புள்ளைன்னு தெரியும். தெரிஞ்சும் என்னால ஆகல" என்றாள்.

ரெமி, அந்தத் துண்டு கடவுள் பங்கு இல்லை. ஊரில் இல்லாதவன் பங்கு. வீட்டு ஆள் ஒருவர் வெளியே இருந்தால் ராசாக்கள் கேக்கில் அவருக்கு ஒரு துண்டு வெட்டிப் பூட்டி வைப்பது நம் பக்கத்து வழக்கம். துண்டு காய்ந்து கெட்டியாக நின்றால் அவர் நன்றாக இருக்கிறார். பூசணம் பூத்தால் அவருக்கு ஆகவில்லை. யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்கு ஆகாது. அதனால்தான் யாரும் உனக்குச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? என் சின்ன வயதில் சித்தப்பா கடற்படையில் இருந்தார், அவருக்கு வெட்டுவதைப் பார்த்தே புரிந்துகொண்டேன். நீ பிறந்த பிறகு போர் வரும் வரை வீட்டை விட்டு யாரும் போகவில்லை. அப்பா போன முதல் வருஷங்களில் இரண்டு பங்கும் வெட்டினாள், நீ ரொம்பச் சின்னவன், வாசலில் கொடுத்த கடவுள் பங்கை மட்டும்தான் பார்த்தாய். அந்த வருஷம் இரண்டு பங்கு வெட்டக் கேக் போதவில்லை.

அழுக விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். பச்சை பூத்ததை நாம் பார்த்துவிடக் கூடாது என்றுதான் பூட்டியே வைத்திருந்தாள். தினமும் ஒரு தடவை திறந்து பார்ப்பாள், முதுகால் மறைத்துக்கொண்டு. மார்ச்சில் ஊர்ச் சபையிலிருந்து மேயரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார், முகாமில் விஷக்காய்ச்சலில் அப்பா போய்விட்டார் என்று சொல்ல. அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மா "தெரியும்" என்றாள். உனக்கு அது நினைவிருக்காது.

இன்னொன்று. நீ போனதிலிருந்து ஒவ்வொரு ராசாக்கள் திருநாளிலும் அவள் ஒரு துண்டு வெட்டிப் பூட்டுகிறாள். யாருக்கு என்று நான் கேட்பதில்லை. இந்த வீட்டில் ஊரில் இல்லாதவன் நீ ஒருவன்தான்.

வா.

ஒக்தாவ்


பாரிஸ்,
1971 ஜூன் 15

அண்ணா,

உட்கார்ந்துதான் படித்தேன்.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. புத்தகம் வந்து ஒன்பது வருஷம். நீ ஏன் சொல்லவில்லை? நீ அதைப் படித்தாயா இல்லையா? மூன்று பேருக்கு அனுப்பினேன், மூன்றில் ஒன்று உனக்கு. அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் ஒரு வரி எழுதியிருக்கலாமே, தம்பி, அது கடவுள் பங்கு இல்லை என்று.

இதை எழுதிய பிறகு, உன் பதிலை நானே யூகித்துக்கொண்டேன். நாய் சாகிற பக்கத்தோடு மூடி வைத்திருப்பாய். சரிதானே?

அப்பா எப்படித் தட்டுவார் என்று எனக்கு நினைவில்லை. அவர் முகமே அந்த ஒரு புகைப்படத்தால்தான் நினைவு. அம்மா தவறாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு எழுதும் மேஜையில் கையை வைத்து, எதையும் யோசிக்காமல் தட்டிப் பார்த்தேன். விரல் முட்டியால் இரண்டு. உள்ளங்கை தானாக விழுந்தது. என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக மற்றவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் நான் இப்படித்தான் தட்டி வந்திருக்கிறேன்.

டைரக்டரைப் பார்த்தேன். அந்தக் காட்சியை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வெட்ட மாட்டானாம். அம்மா சொன்னபடி ஓடவிட்டு மறுபடி எடுத்திருக்கிறானாம், படத்திலேயே அதுதான் நல்ல இடமாம். ஏன் ஓடுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது, தெரியாமலிருப்பதே நல்லது என்கிறான்.

வருகிறேன். கோடையில் வருகிறேன். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. முந்நூறு பக்கம் எழுதியவன், ஒரு வாக்கியத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன். அவளிடம் எதுவும் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

ரெமி


லா ஷெனே பண்ணை,
1971 டிசம்பர் 27

தம்பி,

ஆமாம், நாய் சாகிற பக்கத்தோடுதான் மூடினேன். அது நல்ல நாய், நீ அதை இன்னும் கொஞ்சம் வாழ விட்டிருக்கலாம்.

கோடை போய்விட்டது. கோதுமை அறுத்தோம், ஆப்பிள் பறித்தோம், அதைப் பிழிந்து கள் போட்டோம். இந்த வருஷக் கள் கொஞ்சம் புளிப்பு, பேரிக்காய் கூடிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் போலெத் மேஜையில் ஒரு தட்டு கூட வைத்தாள், பிறகு வைப்பதை விட்டுவிட்டாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் நீ சொன்னபடி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் படம் வந்தது. ஊரில் பெரிய டிவி காப்பிக்கடை ஜினெத்திடம்தான் இருக்கிறது. அம்மா நல்ல கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, பூசைக்குப் போவதுபோல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கடை நிறைய ஆள். யாரும் அவளைப் பார்க்காமல் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் அடுப்படி அந்தப் பெட்டிக்குள் சின்னதாக இருந்தது. கதவு தட்டும் இடம் வந்தது. மதாம் சொலாஞ்ச் ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடினாள். தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டே ஓடினாள். திறந்ததும் அந்த முகம் விழுந்தது பார், தம்பி, கடையில் ஒரு கோப்பைகூட நகரவில்லை. பிறகுதான் அடி.

"ம். ஓடினா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, பேரிக்காய் மரத்துக்கிட்டே நின்று, "அவன் பாத்திருப்பானா?" என்று கேட்டாள். பார்த்திருப்பான் என்றேன். பிறகு வீடு வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் என் கையைப் பிடித்து நடந்தது எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான்.

அடுத்த வாரம் விழுந்துவிட்டாள். பக்கவாதம், வலது பக்கம் முழுக்க. உனக்குத் தந்தி அடித்தேன். வந்து சேர்ந்ததா இல்லையா என்று இதுவரை நீ எழுதவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் காலம் எல்லாம் குழம்பிப்போய்விட்டது. அப்பா குதிரைக்குத் தண்ணீர் காட்டினாரா என்று கேட்கிறாள். காலையில் அவளைத் தூக்கி அடுப்பருகே நாற்காலியில் உட்கார வைப்போம். ஏப்ரன் கட்டிவிட்டால்தான் உட்காருவாள், அலமாரிச் சாவி அதில் இருக்கிறது.

இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளைப் பற்றி. ஜினெத் என்னிடம் சொன்னாள். மத்தியானம் நீ அவள் கடையில் நின்றுகொண்டே காப்பி குடித்தாயாம். அவள் பேச்சுக் கொடுத்ததும் காசை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாயாம். நான் அப்போது தொழுவத்தில் இருந்தேன், போலெத் கோயிலில் பூ வைத்துக்கொண்டிருந்தாள், நாய்க்குக் காது கேட்காது. பேரிக்காய் மரத்தடியில் கார்ச் சக்கரத் தடம் இருந்தது. அங்கிருந்து சேற்றில் மெல்லிய செருப்புத் தடம் முன்கதவு வரை வந்திருந்தது. படிக்கல்லுக்கு முன்னால் இரண்டு காலும் ரொம்ப நேரம் நின்ற மாதிரி ஆழமாகப் பதிந்திருந்தது. பிறகு திரும்பிப் போயிருந்தது.

உள்ளே அவள் மட்டும்தான் இருந்தாள். விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஏன் தட்டவில்லை?

ஒக்தாவ்


பாரிஸ்,
1972 ஜனவரி 2

அண்ணா,

வந்தேன். தந்தி கிடைத்த பிறகு இரண்டு வாரம் பையைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். பிறகு வந்தேன்.

கையைத் தூக்கியும்விட்டேன். எப்படித் தட்டுவது என்று தெரியவில்லை. வேற்றாள்போல் தட்டினால் யாரும் திறக்க வரமாட்டார்கள். யோசிக்காமல் தட்டினால் என் கை அப்பாவின் தட்டைத்தான் தட்டும். அவளுக்குக் காலம் குழம்பிப்போயிருக்கிறது என்று உன் தந்தியில் இல்லை, ஆனாலும் எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் மறுபடி அவர் வந்துவிட்டார் என்று நினைப்பாள். மறுபடி நான் நிற்பேன். ஒரு பெண்ணுக்கு ஒரே வாசலில் இரண்டு தடவை அதைச் செய்வதா?

படத்தை என் அறையில் தனியாகப் பார்த்தேன். கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று நான் பார்த்தது அன்றுதான். ஒரு நடிகை வந்து காட்ட வேண்டியிருந்தது. எழுதும்போது நான் பாதிக் கதவைத்தான் எழுதியிருக்கிறேன். மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் அந்த ஓட்டத்தைப் புகழ்ந்து, அது என் கற்பனை என்று எழுதியிருந்தார்கள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம் நான் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? அது என் அம்மாவுடையது, அவளைப் பற்றித்தான் நான் முந்நூறு பக்கம் பொய் எழுதியிருக்கிறேன் என்றா? பொய்யும் இல்லை அது. காது வலித்தது உண்மை. அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது, அண்ணா. இரண்டும் உண்மையாக இருக்கிறது.

இப்போது அவளிடம் சொன்னாலும் அவளுக்குப் புரியாது. புரிந்த காலத்தில் கோடை என்றேன், அறுவடை முடியட்டும் என்றேன், படம் வரட்டும் என்றேன்.

இனி நான் வரவில்லை. இந்த வருஷம் எனக்குப் பங்கு வெட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்.

ரெமி


லா ஷெனே பண்ணை,
1972 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள்

தம்பி ரெமி,

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், ரோசெத் கம்பியையும் அவிழ்த்துவிட்டது. மாடு நம் இரண்டு பேரையும்விடக் கெட்டிக்காரி. மூடின கதவு என்று ஒன்று இருப்பதாகவே அவள் ஒத்துக்கொள்வதில்லை.

இன்று கேக் சுட்டோம். கோதுமை மாவு, வேண்டிய மட்டும் வெண்ணெய். கத்தியை அம்மா இடது கையில் கேட்டு வாங்கிக்கொண்டாள். வலது கையை மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு, இடது கையாலேயே வெட்டினாள். கோணல்தான், ஆனால் வெட்டினாள். உள்ளே வைத்த அவரை விதை போலெத் துண்டில் வந்தது, இன்றைய ராசா அவள்தான். ராசாவின் காகிதக் கிரீடத்தை அவள் போட்டுக்கொள்ளாமல் நாய்த் தலையில் வைத்துவிட்டாள். "இந்த வீட்டுல யார் சொல்றதையும் கேக்காத ராசா இது ஒண்ணுதான்" என்றாள். அம்மா சிரித்தாள், தம்பி. வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனால் சிரிப்புத்தான்.

முதல் துண்டை ஒதுக்கி வைத்தாள். நீ சொன்னதை அவளிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. அதற்குப் பதிலாக, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அது யாருக்கு என்று கேட்டுவிட்டேன். என்னை ஒரு முறை முறைத்தாள், பழைய முறைப்பு. "சொன்னா அவனுக்கு ஆகாது" என்றாள். அப்பாவையும் அவள் அப்படிச் செல்லமாய் 'அவன்' என்று சொன்னதுண்டு, உன்னையும் சொல்வாள். இவர்களில் யார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

சாவியை வாங்கி நான்தான் அலமாரியைத் திறந்தேன். போன வருஷத் துண்டு அங்கேயே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓடுபோலக் காய்ந்து கிடக்கிறது. ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா இல்லையா என்று சாமியாரைக் கேட்டால் இல்லை என்பார். எனக்கு என்னவோ, தூக்கிப் போட மனம் வரவில்லை, புதியதன் பக்கத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

எப்படித் தட்டுவது என்று கேட்கிறாயே. எப்படியாவது தட்டு. அப்பா தட்டே வந்தால் வரட்டும். அப்பா என்று நினைத்துக்கொள்வாள், நினைக்கட்டும். அவர் வராமலே போன கணக்கு அவளிடம் இன்னும் தீரவில்லை, யாராவது வந்து நிற்கட்டும். அவள் அணைத்தால் அது அவருக்கு, திட்டினால் அதுவும் அவருக்கு. உனக்கென்று ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்பாள். அதையெல்லாம் பேச வேண்டிய காலம் நமக்குப் போய்விட்டது, ரெமி. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு எதிரே இன்னும் இடம் இருக்கிறது, அவளுக்கு ஒரு கை இன்னும் சூடாக இருக்கிறது. அதற்காகவாவது வா. பேசத் தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்து அந்தத் துண்டைத் தின்றுவிட்டுப் போ, பல் மட்டும் பத்திரம், பழைய துண்டைச் சொல்கிறேன், புதியதில்

இரு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். போலெத்தாக இருக்காது, அவள் பின்பக்கமாகத்தான் வருவாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. தலையை இடது கையால் ஒதுக்கிக்கொள்கிறாள். என்னைக் கூப்பிடுகிறாள், "ஒக்தாவ், எழுதினது போதும், இந்த ஏப்ரனை அவுத்து விடுடா, சீக்கிரம்" என்கிறாள், ஒரு கையால் முடிச்சு அவளுக்கு